ரேடியேட்டர் மூடியில ஒரு வேல்

எங்க வீட்டுக்காரரு சொந்தமா கார் வாங்குனப்போ எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசங்கூட முழுசா ஆகல. அதுக்கு முந்தி கொடைக்கானல்ல ஒரு முதலாளியோட டாக்சியத்தான் ஓட்டிக்கிட்டிருந்தாரு. "சலாம் போட்டுப் போட்டு என் வலது கை நீண்டு போச்சு பாரு"ன்னு ரெண்டு கையையும் சேத்து வச்சுக் காட்டுவாரு. அதனால சொந்தக் காருன்னா அவருக்கு உசுரு. எனக்குந்தான். பச்சைக் கலரு. கிளிப்பச்சையில்ல, பீன்ஸுப் பச்சை. கவுஞ்சியில இருந்து வர்ற பீன்ஸு மழையில நனைஞ்சா ஒரு மினுமினுப்பு இருக்கும் பாருங்க, அந்தப் பச்சை.

மதுரையில கார எடுத்துக்கிட்டு மலை ஏறுனோம். நானும் எங்க அத்தையும் பின்னாடி. அத்தைன்னா இவரப் பெத்தவங்க. எனக்கு வளைவு ஒத்துக்காது. வத்தலக்குண்டு தாண்டுனதுமே புளிய வாயில அடக்கிக்குவேன். புளியச் சப்பிக்கிட்டே வர்றேன், டம்டம் பாறைகிட்ட வந்ததும் கார் மூக்குல இருந்து குபுகுபுன்னு ஆவி வருது. இவரு எறங்கி, தண்ணி ஊத்துற ரேடியேட்டரு மூடியத் தொறந்தாரா, சுடுதண்ணி பீச்சி அடிச்சு புதுச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. நல்லவேளை, மூஞ்சியில படல.

அத்தை எறங்கி, பழனி எந்தத் திசையில இருக்குன்னு தெரியாம நாலு பக்கமும் கும்பிட்டாங்க. "முருகா, வண்டிய வீடு கொண்டு போய்ச் சேத்துரு. எந்த மூடியில கொதிச்சதோ அந்த மூடியிலயே ஒனக்கு வேல் வைக்கிறேன்." பொறவு ஓடைத்தண்ணிய மோந்து மோந்து ஊத்தி, உக்காந்து உக்காந்து, ஒரு வழியா வீடு வந்தோம்.

வாசல்ல எறங்குறப்பவே இவரு எங்க ரெண்டு பேருகிட்டயும் குசுகுசுன்னு சொன்னாரு: "கொதிச்சத வெளிய மூச்சு விடாதீங்க. டாக்சி ஸ்டாண்டுல எல்லாப் பயலும் சிரிப்பான்." மறுநா ஸ்டாண்டுல போயி, "என் வண்டி மலை ஏறுனதே தெரியல, மூடியத் தொட்டா ஐஸ்"ன்னுட்டு வந்தாரு. ஐஸாம்!

வேண்டுதல் வேண்டுதல்தானே. எங்கப்பாவுக்குப் பழனியில பித்தளைப் பட்டறை. காவடிக்கு மணி, குடம், செம்பு எல்லாம் அடிப்பாரு. எங்கப்பா அடிச்ச கொடத்துல தண்ணி மொண்டா ஒரு சத்தம் கேக்கும், இப்ப வர்ற கொடத்துல அது கெடையாது, அத விடுங்க. அவருகிட்ட அளவு குடுத்து, பித்தளையில ஒரு மூடி, மேல ஒரு வெரல் நீளத்துக்கு வேல் நிக்கிற மாதிரி செஞ்சு வாங்குனோம். மலையடிவாரத்துல பூசை போட்டு கார்ல மாட்டுனப்ப, அம்புட்டு அழகு! கம்பெனி மூடிய டிக்கியில தூக்கிப் போட்டாச்சு.

வண்டி அப்பவும் கொதிக்கத்தான் செஞ்சது. இவரு கமுக்கமா தண்ணி ஊத்தி ஓட்டிக்கிட்டிருந்தாரு. பங்குனியில ஒருநா, பெருமாள்மலைகிட்ட வெள்ளைப் பொகையாக் கக்கி நின்னுருச்சு. முட்டைக்கோசு ஏத்தப் போன லாரியில கட்டி வீட்டு வாசலுக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க. இவரு சோறு திங்கல. சித்திரை பொறந்தா சீசன். சீசன்ல வண்டி நின்னா, திரும்ப அந்த முதலாளி வாசல்லதான் போயி நிக்கணும்.

அப்பத்தான் கேரண்டின்னு ஒரு வார்த்தைய நான் மொதமொத கேட்டேன். ஒரு வருசத்துக்குள்ள வண்டி கெட்டா கம்பெனியே செஞ்சு தருமாம். சொல்லி விட்டதும் மதுரையில இருந்து கம்பெனிக்காரரு ஒருத்தரு பஸ்ஸுல வந்தாரு. நெத்தி நெறைய விபூதி, தலையில குரங்குக் குல்லா, குளிருக்குக் கழுத்தச் சுத்தி என் பொடவை நீளத்துக்கு மப்ளரு. பானெட்டத் தொறந்தவரு அப்படியே நின்னுட்டாரு.

"இது எங்க மூடி இல்லீங்களே."

"சாமி காரியம்"னாரு இவரு.

"கம்பெனி மூடியில ஸ்பிரிங்கு, ரப்பரு எல்லாம் இருக்குங்க. ஆவிய அமுக்கிப் பிடிக்கும். இது சும்மா செம்பு மூடுற மூடி. தண்ணியெல்லாம் ஆவியாப் போயி இஞ்சின் வெந்துருச்சு. வேற சாமான் மாட்டுனா கேரண்டி செல்லாதுங்க."

எங்கப்பா செஞ்ச மூடிய, செம்பு மூடுற மூடியாம்! கதவுக்குப் பின்னாடி நின்ன எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. புது ஆளு முன்னாடி மருமக பேசக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

இவரு என்ன பண்ணுனாருன்னா, கம்பெனிய ஒசத்திப் பேசுனா அந்தாளு மனசு எளகிரும்னு நெனச்சுக்கிட்டாரு. "சார், ஒங்க வண்டி மாதிரி வண்டி ஒலகத்துலயே இல்ல. வாங்குன அன்னிக்கு மலை ஏறுச்சு பாருங்க, ஒரு சொட்டு கொதிக்கல!"

"அப்ப மூடி மாத்துன பொறவுதான் கொதிச்சதா?"

"பின்ன? அதுவரைக்கும் ஐஸ் சார், ஐஸ்!"

மனுசன் தன் தலையில தானே மண்ணள்ளிப் போடுறாரு. கதவத் தட்டுனேன், இருமுனேன், வளையலக் குலுக்குனேன். "காப்பி ரெடியாயிருச்சு போல"ன்னாரு இவரு. அந்தாளு பையத் தூக்கிட்டாரு.

கொல்லையில வெறகு பொறுக்கிக்கிட்டிருந்த அத்தைய நான்தான் ஓடிப்போயி இழுத்துக்கிட்டு வந்தேன். "அத்தை, வேலு வச்சதாலதான் வண்டி கெட்டுச்சாம்"னேன், அம்புட்டுத்தான். கையில வெறகோட வாசலுக்கு வந்தாங்க.

"யாருய்யா அது? எங்க முருகன் வேல் இஞ்சினக் கெடுத்துச்சா? அந்த விபூதிய அழிச்சுட்டுச் சொல்லு பாப்போம்!"

அந்தாளு ஆடிப் போயிட்டாரு. "அம்மா, நானும் வருசாவருசம் பாதயாத்திரை போறவன். வேலச் சொல்லலம்மா, மூடியத்தான் சொன்னேன். வேண்டுதல்னா மலையேறி உண்டியல்ல போட்டிருக்கலாமில்ல? எதுக்கு மூடியில போயி வச்சீங்க?"

"மூடியிலதானய்யா கொதிச்சது! அதனாலதான மூடிக்கு வேண்டிக்கிட்டேன்!"

"ஆத்தா, சும்மா இரு!"ன்னு இவரு கத்துறாரு.

"நீ சும்மா இருலே! டம்டம் பாறையில புதுச் சட்டையோட நனைஞ்ச கோழி மாதிரி நின்னது யாரு, நானா?"

அந்தாளு பைய மெல்லக் கீழ வச்சாரு. "இருங்கம்மா. வண்டி எடுத்த அன்னிக்கே கொதிச்சதா? எங்க மூடி இருக்கும்போதேவா?"

"வேண்டுதல்ல யாராச்சும் பொய் சொல்லுவாங்களாய்யா?"

"சொல்ல மாட்டாங்கம்மா"ன்னாரு அவரு. இவரப் பாத்தாரு. இவரு தரையப் பாத்தாரு.

பொறவு மளமளன்னு சோலி நடந்துச்சு. ரேடியேட்டரக் கழட்டி முத்தத்துல சாத்தி வச்சு, மேல ஒரு கொடம் தண்ணி ஊத்துனாங்க. கீழ எலி ஒண்ணுக்குப் போற மாதிரி சொட்டுது. குலுக்கிக் கவுத்தா, உள்ள இருந்து ஈயக் கட்டி கட்டியா விழுகுது. கம்பெனியில ஈயத்த உருக்கிப் பத்த வைக்கிறப்பவே உள்ள ஒழுகி அடைச்சுக்கிட்டு கெடந்திருக்கு. அந்தாளுக்கு அதப் பாத்து வந்த சந்தோசத்தச் சொல்லணுமே! சாமி குத்தம் தன் தலைக்கு வராமப் போச்சுல்ல.

"ரேடியேட்டரும் இஞ்சினுக்கு உண்டான சாமானும் கம்பெனி தரும். ஆனா எங்க மூடியத்தான் போடணும். வேல முன்னாடி பானெட்டு மேல வச்சுக்கங்கம்மா"ன்னாரு. அத்தை கொஞ்சம் முறுக்கிட்டு, "முன்னாடி நின்னா இன்னும் நல்லாத்தான் வழி காட்டுவான்"னு ஒத்துக்கிட்டாங்க.

அத்தை அந்தாளச் சாப்புடாம விடல. மூணு தடவ சோறு வாங்கிச் சாப்புட்டாரு மனுசன். பஸ் ஏறுறப்ப இவரு கையப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, இனிமே வண்டிக்கு ஏதாச்சும்னா நீங்க பேசாதீங்க. அம்மாவப் பேசச் சொல்லுங்க"ன்னுட்டுப் போனாரு.

சாமானெல்லாம் பஸ் மேல ஏறி வந்துச்சு. ரிப்பேரு முடிஞ்சு சித்திரைக்கு வண்டி ஓடிருச்சு. தூண் பாறை, வெள்ளி அருவி, லேக்குன்னு ஓயாத ஓட்டம். மத்தியானம் நான் தூக்குச்சட்டியில சோறு எடுத்துக்கிட்டு ஸ்டாண்டுக்கு வெரசாப் போவேன். இவரு வண்டி நிக்கிற எடம் காலியாக் கெடக்கும். புருசனக் காணோமேன்னு எந்தப் பொம்பளையாச்சும் அம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாளா? கொஞ்ச நேரம் அந்தக் காலி எடத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். பொறவு லேக்கோரமா உக்காந்து அந்தச் சோத்த நானே தின்னுட்டு வீட்டுக்கு வருவேன்.