கோட் அலமாரியிலிருந்து நேரலை

என் பெரியப்பாவின் மகள் நோர்வே வானொலி ஒன்றுக்கு வெளிநாட்டுச் செய்தியாளர். பெரியப்பா வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். அந்த ஊர்ப் பத்திரிகையில் தொடங்கிய அக்கா பிறகு போர்களுக்கும் தேர்தல்களுக்கும் போய்வந்தார். சரக்குக் கப்பல் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல், எல்லைகளில் காத்திருப்பவர்களைப் பற்றி இன்னொன்று. மூன்றாவது நூலுக்காகப் போன குளிர்காலம் மொன்றியலில் எங்கள் வீட்டில் தங்கினார்.

ஒரு காலை அவருடைய வானொலிச் செய்தி ஆசிரியர் அழைத்தார். மாலைச் செய்தியில் நேரலையாகப் பேச வேண்டும். எங்களுக்கு அது நண்பகல். வட அமெரிக்காவுக்கு நிரந்தரமாக ஒருவரை நியமிக்க அந்த வானொலி ஆள் தேடிக்கொண்டிருந்தது. அக்கா அந்த இடத்தை விரும்பினார். இதுதான் பரீட்சை.

நான் ஒலிப்பொறியியல் படித்தவள். வீட்டுச் சத்தங்களைப் பட்டியலிட்டேன்: ஃபிரிட்ஜ், குளியலறை விசிறி, அம்மாவின் குக்கர், மேல்வீட்டுப் பிள்ளையின் ஓட்டம். முதல் மூன்றையும் நிறுத்தினேன். நான்காவதை அம்மா ஒரு தட்டு ரோல்ஸ் கொடுத்து நிறுத்தினார். பேசுவதற்கு வாசற்கதவை ஒட்டிய, கீழே காலணிகள் அடுக்கியிருந்த கோட் அலமாரியைத் தேர்ந்தேன். தடித்த கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும்.

"சப்பாத்துகளுக்கு மேலயோ பிள்ளை இருக்கப்போறாய்?" என்றார் அம்மா.

"குண்டு விழேக்கை குளியல் தொட்டிக்குள்ள இருந்தும் கதைச்சனான் சித்தி. இது மாளிகை."

அக்காவை உள்ளே வைத்துச் சாத்தினேன். அப்பா கைபேசியில் அந்த வானொலியைப் பிடித்து இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டார். அவருக்கு நோர்வே மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

அக்கா தொடங்கியதும் தெருவில் பனி அள்ளும் வண்டிகளின் சைரன் கேட்டது. காரை எடு, இல்லாவிட்டால் இழுத்துச் செல்வோம் என்று அர்த்தம். என் பட்டியலில் அது இல்லை. எங்கள் கார் வாசலுக்கு நேரே தெருவில் நின்றது. அப்பா சாவியோடு எழுந்தார். வாசற்கதவைத் தொட்டாலே கிறீச்சிடும். அவர் கதவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

உள்ளே அக்கா தடுமாறவில்லை. அது பனி வண்டி என்று கேட்போருக்கு விளக்கிவிட்டுத் தொடர்ந்தாராம். முடிக்கும்போது செய்தியாளர் தம் முழுப் பெயரையும் நகரையும் சொல்வது வழக்கம். அக்காவின் பெயரின் பின்பாதி பெரியப்பாவின் பெயர்.

அம்மா ஜன்னலில் நின்றார். "ஐயோ, காரை இழுத்துக்கொண்டு போறாங்கள்! நீங்கள் என்ன, சிலை மாதிரி நிக்கிறியள்?"

"போகட்டும். அண்ணையின்ரை பேரை வடிவாச் சொன்னவள். நோர்வே முழுக்கக் கேட்டிருக்கும்."

அப்பாவும் அக்காவும் நானும் காரைத் தேடிப் போனோம். பனி அள்ளுவதற்காக இழுக்கும் கார்களைப் பக்கத்துத் தெருக்களில்தான் விடுவார்கள். அடுத்த தெருவில் அது அபராதச் சீட்டோடு நின்றது. அப்போது அக்காவின் கைபேசிக்கு ஆசிரியரின் செய்தி வந்தது: சைரன் நன்றாக இருந்தது, நாளையும் பேச முடியுமா?

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அப்பா, கண்ணாடியிலிருந்து சீட்டை உரித்தபடி. "காரை நான் இப்பவே ஆத்துக்கு அங்கால, லவால் நகரத்திலை கொண்டுபோய் விடுறன்."