தொண்டைச் சுழி

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு மேற்கே, பென்ரித்தைத் தாண்டினால் ரெய்னிங் குதிரைகள் கைமாறும் வட்டாரம் ஒன்று இருந்தது. அங்கே குதிரை விற்கிற ஒவ்வொருவனும் மற்றவனைத் திருடன் என்பான். அந்த ஒரு விஷயத்தில் எல்லோரையும் நம்பலாம்.

ரெய்னிங் குதிரை பந்தயத்துக்கானதல்ல. பாய்ந்து போகும்போது கடிவாளத்தில் விரல் அசைந்தால் பின்னங்கால்களில் சறுக்கி நிற்கும்; நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். லிட்கமில் இருந்த என் வீட்டிலும் சரி, வேலை பார்த்த கந்தோரிலும் சரி, நான் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விரலுக்கே கீழ்ப்படியும் ஒரு ஜீவன்மேல் ஏறி உட்கார ஆசை வந்துவிட்டது. சவாரி பழகினேன்; பெரும்பாலும் விழப் பழகினேன். அந்த வட்டாரத்திலேயே ஒரு புல்வெளியையும் வாடகைக்கு எடுத்தேன்.

பிறகுதான் அந்தச் செம்பழுப்புப் பெட்டைக் குதிரையைப் பார்த்தேன். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

விற்பவன் கை கொடுக்கவில்லை. "ஓட்டவா, கறி வைக்கவா?" என்றான். வேலியில் சாய்ந்திருந்த கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"முதலில் ஓட்டம், பிறகு கறி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என்னோடு வந்திருந்தவன் மனைவியின் தம்பி, டாக்டர். கத்தரிக்காயைக்கூட மட்டம் தட்டித்தான் விலை பேசுவான். குதிரையின் தொண்டை மயிரில் ஒரு சுழியைத் தொட்டுக் காட்டி, நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்லும் குரலில், ஆங்கிலத்தில் அறிவித்தான்: "எங்கள் நாட்டில் இந்தச் சுழியுள்ள குதிரையை யாரும் தொடமாட்டார்கள். ஏறுகிறவனை விழுங்கிவிடும்."

வேலியில் சிரிப்பு நின்றது. வெயிலில் ஏற்கனவே சிவந்திருந்த விற்பவனின் முகம், மேலும் சிவக்க இடமின்றி வெளுத்தது.

"என் நிலத்தை விட்டுப் போங்கடா, இரண்டு பேரும்!"

காரில் கேட்டேன்: "உண்மையா அப்பிடி ஒரு சுழி இருக்கோ?"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? விலையைக் குறைக்கத்தானே சொன்னனான்."

"குறைஞ்சுதோ?"



சில கிழமைகள் கழித்து விற்பவனே எனக்குப் போன் எடுத்தான். குதிரை சறுக்கி நின்றிருக்கிறது. இவன் நிற்காமல் போயிருக்கிறான். தோள் முறிந்துவிட்டது. சுழிக் கதையைக் கேட்டிருந்த கூட்டாளிகளில் ஒருவனும் குதிரையை வாங்கத் தயாரில்லை. "நீங்கள் ஏவிவிட்ட பேய். பாதி விலைக்குக் கொண்டு தொலையுங்கள்."

போனோம். விற்பவன் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேலியருகே நின்றான். காசு கொடுத்தேன், சேணம் பூட்டினேன். ஆசைப்பட்ட குதிரை, இப்போது என் குதிரை, தலையை உயர்த்தியது. தொண்டையில் அந்தச் சுழி. பொய்யென்று தெரியும், புளுகியவனே பக்கத்தில் நிற்கிறான். பௌதிகமும் தத்துவமும் படித்த என் தலை ஏறச் சம்மதித்துவிட்டது. கால்தான் சேணத்தில் தொங்கிய அங்கவடியை மிதிக்க மறுத்தது.

"முதல்ல நீர் ஏறும்."

"உங்கட குதிரையெல்லோ அத்தான்."

"சுழி உம்மடை."

"எனக்கு நாளைக்கு ஒப்பரேஷன் இருக்கு."

"என்ன, விழுங்கிவிடுமா?" என்று வேலியிலிருந்து குரல் வந்தது. தோள் முறிந்த மனிதன் அவ்வளவு சிரிக்கக் கூடாது.

கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு புல்வெளி வரைக்கும் தெருவோரமாக நடந்தேன். விரலை அசைத்தேன், குதிரை நின்றது. மறுபடி அசைத்தேன், நடந்தது. பின்னால் காரை ஊர்ந்தபடி ஓட்டிவந்த டாக்டர் ஒருமுறை ஹார்ன் அடித்தான். நானும் குதிரையும் திரும்பிப் பார்க்கவில்லை.