இடுப்பில் தம்பி, கையில் சிலேட்டு

1930-களின் நடுவில், மதுரையில் ஒரு பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாதான் மில்லுக்குப் போனாள். எனக்கு எட்டு வயது. எனக்கு அடுத்தவன் ஆறு வயதுத் தம்பி. கடைசித் தம்பி கைக்குழந்தை.

பெரிய தம்பியை அம்மா மில் வாசலுக்கு எதிரே இருந்த பள்ளியில் சேர்த்தாள். கண் அசந்தால் கண்மாய்க்கு ஓடிவிடுகிறவன் அவன். அந்தப் பள்ளி வாத்தியாரின் கண்டிப்புதான் அவனுக்குச் சரி என்றாள். ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் படிக்க வருவதற்கு அவர் ஒப்பவில்லை. பொட்டைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, வீட்டில் இருந்து குழந்தையைப் பார்க்கட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வேறு பள்ளிகளுக்கு ஏறி இறங்கினாள். இரண்டு இடத்தில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சந்துக்குள், ஒரு டீச்சர் தன் வீட்டு முன்கட்டிலேயே நடத்திய சின்னப் பள்ளிக்குப் போனோம். குழந்தை அழுதால் மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடுமே என்று அவரும் தயங்கினார்.

"அழுதா இவ தூக்கிக்கிட்டு வெளிய வந்துருவா டீச்சர். வாசல்ல நின்னு கேட்டுக்கிருவா. வராதேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள் அம்மா.

அப்படித்தான் படித்தேன். பாதிப் பாடம் உள்ளே, பாதிப் பாடம் வாசலில். வாய்ப்பாட்டைச் சொல்லியே தம்பியைத் தூங்க வைப்பேன்.

சில மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் குறை எழுதினால் பள்ளிக்கு மானியம் நின்றுவிடும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு ஒளிச்சு வச்சா, என்னைக்கும் ஒளிச்சுத்தான் வைக்கணும் டீச்சர். அவரு கேட்டா நான் வந்து பதில் சொல்றேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, என் முறை வரும் நேரம் பார்த்துத் தம்பி வீறிட்டான். நான் வெளியே ஓடினேன். அவர் என்னவென்று கேட்க, டீச்சர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து வாசலுக்கே வந்து என்னைப் படிக்கச் சொன்னார். எனக்குக் கை ஒழியவில்லை. டீச்சர்தான் புத்தகத்தை விரித்துப் பிடித்தார். தம்பியை ஆட்டிக்கொண்டே அந்தப் பக்கம் முழுவதும் படித்து முடித்தேன். இன்ஸ்பெக்டர் உள்ளே போய் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். மானியம் நிற்கவில்லை.

மறுவாரம் டீச்சர் தன் பழைய சேலையை உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினார். அதற்குப் பிறகு நான் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய தம்பி பிரம்புக்குப் பயந்தே படித்துப் பின்னாளில் ரயில்வே வேலைக்குப் போனான். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்தேன். அம்மாவுக்குப் பள்ளியின் பெயர்ப் பலகையைக்கூட வாசிக்கத் தெரியாது. இருந்தும், நல்ல பள்ளிக்கூடம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தப் பிள்ளைக்கு என்று திருப்பிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.