இது இன்னா தின்னும்?

கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் டைனோசர் எலும்புக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அவரை அங்கேதான் பார்த்தேன். நெட்டையான, வெயிலில் கறுத்த மனிதர். தோளில் கிடந்த துண்டை அடிக்கடி எடுத்து முறுக்குவார். ஒவ்வொரு எலும்புக்கூட்டின் முன்னும் நின்று, விளக்கம் சொல்லும் பெண்ணிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"இது இன்னாம்மா தின்னும்?"

"மரத்து இலை, தழைங்க."

"இவ்ளோ பெரிய வவுத்துக்கு எவ்ளோ தழைம்மா கொட்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்கவே கூசும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பக்கத்தில் நின்ற என்னிடம் மெல்லச் சொன்னார்.

"வூட்ல மாடு ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வெக்கலங்க. ஊசி போட்டாச்சி. தின்னா பொழச்சிக்கும்னாரு டாக்டரு. அதையே பாத்துக்கினு குந்தியிருக்க முடியல, வந்துட்டேன்."

"தீனி கெடைக்காம பெருசுங்க எல்லாம் அழிஞ்சிடுச்சிங்க," என்றாள் அந்தப் பெண். "சின்னதுங்க சிலது தப்பிச்சிது. இப்ப இருக்கிற கோழி, காக்கா எல்லாம் அதுங்க வழியில வந்ததுதான்."

"தப்பிச்சிதா!" அவர் முகம் தெளிந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், "தின்னுடுச்சி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கூட்டம் மொத்தமும் பயந்து, எதிரே வாயைப் பிளந்து நின்ற எலும்புக்கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

"அவரு மாடுங்க! ரெண்டு நாளா பட்டினி கெடந்துச்சி, இப்பத்தான் தின்னுதாம்!"

உரக்கச் சொன்னது நான்தான்.

அந்தப் பெண் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. எங்கேயாவது பார்த்தால் சொல்ல வேண்டும்.