மூன்று நாள் சாப்பாட்டு அட்டையும் ஒற்றைச் சப்பாத்தும்

நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று அறிந்து உங்களுக்கு என்ன ஆகப் போகிறது? ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தால் சுகமா என்று கேட்க முன்னமே ‘என்ன சாப்பாடு’ என்கிறீர்கள். இத்தாலிக்கு வந்தவள் இடியப்பம் தின்றாலும் உங்களுக்குக் குறை, பாஸ்தா தின்றாலும் குறை. அடுத்தவரின் தட்டுக்குள் எட்டிப் பார்க்கிற குணத்தை நீங்கள் விடப் போவதில்லை. என் வாயும் சொல்லாமல் சும்மா இருக்கப் போவதில்லை. சரி, சொல்கிறேன். ஆனால் நடுவில் ‘பிறகு, பிறகு’ என்று அவசரப்படுத்தக் கூடாது.

நாங்கள் இருப்பது பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால், எதிரே ஒரு ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கை ஒன்றில். இங்கே என்ன சமைப்பது என்று யாரும் வீட்டில் இருந்து யோசிப்பதில்லை. படியிறங்கிப் போனால் சந்தையே சொல்லும். கத்தரிக்காய் பளபளத்தால் அன்றைக்குக் கத்தரிக்காய். மீன்காரன் தொண்டை கிழியக் கூவினால் மீன். பானெல்லே என்கிற கடலைமாவு வில்லைகள் எண்ணெயில் பொரியும் மணம் மூக்கில் ஏறினால் சமைக்கிற எண்ணத்தையே விட்டுவிடலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் பேத்தி அபி கைபேசியை நீட்டிக்கொண்டு வந்து, “அம்மம்மா, வாற மாசம் வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு என்ன பசிக்கும்?” என்று கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

காய்ச்சல் இல்லை. என் மகள் வசந்தி லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதுதான் இங்கத்தைய சீமாட்டியின், வீட்டில் துப்புரவும் சமையலும் செய்கிறாள். அந்தச் சிஞ்ஞோரா தன் பேரப்பிள்ளைகளை வடக்கே, ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போக எல்லா ஆயத்தமும் செய்து வைத்திருந்தாள். தங்குமிடம், நுழைவுச்சீட்டு, மூன்று நாள் சாப்பாடு, எல்லாம் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பேரன் சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொண்டான். பெயரை மாற்றலாம் என்றார்களாம். மாற்றி எங்கள் நாலு பேருக்கும் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாளாம்: “மூன்று நாளும் நீ கதிரையில் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும். திரும்பி வந்து என்ன சாப்பிட்டாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.”

வசந்தி இதை ஒரு பகிடியாகத்தான் வீட்டில் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்பதை ஒரு சிசிலிக்காரி கவனித்திருக்கிறாள். வசந்தி எப்போதும் எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள். வன்னியிலும் அப்படித்தான். சண்டை முடிந்து முகாமில் கிடந்தபோது சாப்பாட்டு வரிசையில் அவள்தான் போய் நிற்பாள். கொண்டுவந்து எங்களுக்குப் பிரித்துவிட்டு, “நான் வரிசையிலையே சாப்பிட்டிட்டன்” என்பாள். தட்டு முழுதாக வரும்போது வரிசையில் நின்றவள் எதைச் சாப்பிட்டிருப்பாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ‘சாப்பிட்டாச்சோ?’ என்று உலகத்தில் உள்ள எல்லாத் தமிழரும் அவளைக் கேட்டிருப்பார்கள். எல்லாருக்கும் அவள் ‘ஓம்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இனி அந்தச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கேளுங்கள். ஆளுக்கொரு அட்டை. ஒரு நாளைக்கு ஒரு காலைச்சாப்பாடு, மேசையில் இருந்து சாப்பிடுகிற ஒரு பெரிய சாப்பாடு, இடையில் கொறிக்க ஒன்று. எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்குப் பெரிய சாப்பாடு என்பதை இங்கிருந்தே பதிந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்குப் போக வேண்டும், அந்த நேரத்துக்குள் எழும்ப வேண்டும். இன்று சாப்பிடாததை நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட முடியாது. எனக்குப் பெரிய ஆச்சரியம். பசிக்கு ஒரு மாதம் முன்னால் இடம் பிடித்து வைக்கிற சனம். முகாமில் நாளைக்குச் சாப்பாடு வருமா என்று தெரியாமல் படுத்த நான், அடுத்த மாதத்துச் சாப்பாட்டை ஒரு பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு நாள் பப்பாக்காகக் கப்பல் மாதிரி இருக்கிற இடம். ஒரு நாள் எனக்கும் அம்மம்மாவுக்குமாகக் கஸ்தெல்லோ, கோட்டை. மற்ற நாளைக்கு, அம்மா, நீங்கள்?” என்றாள் அபி.

“எனக்கு எதெண்டாலும் சரி.”

“எதெண்டாலும் எண்டு இதிலை இல்லை.”

“அப்ப உனக்குப் போட்டதையே எனக்கும் போடு” என்று வசந்தி வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

மூன்று நாள் சாப்பாடு கையில் இருக்க, போகிற அன்று விடியவே எழும்பிப் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டாள். அதை என்னவென்று சொல்ல. சிசிலித் தீவு முடிகிற மெஸ்ஸீனாவில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். நாங்கள் ரயிலுக்குள், ரயில் கப்பலுக்குள், கப்பல் கடலுக்குள். மருமகன் ரவி மேல்தட்டுக்குப் போய்ப் படம் எடுத்தார். எனக்கு எழும்பப் பயம். கடலைத் தாண்டுகிற ரயிலில் இருந்து புட்டுச் சாப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பூங்காவைப் பற்றி என்ன சொல்ல. வானத்தில் வளைத்து வளைத்துத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் தலைகீழாக ஆட்களைத் தொங்கவிட்டு ஒரு வண்டி பறந்தது. ஆட்கள் குழறுகிற சத்தம். முதல் சத்தம் கேட்டதும் நான் அபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். எங்களுக்கு ஆட்கள் குழறினால் ஓடித்தான் பழக்கம். இங்கே குழறுவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். குழறி முடித்துச் சிரித்துக்கொண்டு இறங்கி, திரும்பவும் வரிசைக்குப் போகிறார்கள். பயத்தைக்கூட ஆசையாக அனுபவிக்கிற நாட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முதல் நாள் பெரிய சாப்பாடு கோட்டை மண்டபத்தில். வேண்டியதை நாமே போய் எடுக்கிற வகை. வாசலில் அங்கே வேலை செய்கிற ஒரு இளம் பெட்டை எங்கள் அட்டைகளை மெஷினில் தொட்டுவிட்டு உள்ளே விட்டாள். உள்ளே கோயில் திருவிழா மாதிரி உணவு. சோற்றுக்கு மேலே, கோழிக்குஞ்சு பொரிக்க வைத்த மாதிரி விளக்குப் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு தடித்த மனுசன் பெரிய செப்புப் பாத்திரத்தில் மஞ்சளாக எதையோ துடுப்புப் போன்ற அகப்பையால் கிண்டிக்கொண்டு நின்றான். ஆவி அவன் முகத்தை மறைத்தது.

வசந்தி ஓடினாள். ரவிக்கு ஒரு தட்டு. எனக்கு ஒரு தட்டு. அபி அது வேண்டாம் என்றதும் வேறொரு தட்டு. ரவிக்கு எலுமிச்சம்பழம். எனக்குத் தண்ணீர். ரவி உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவுகிறவர். மனுசருக்கு அடுத்தவன் தட்டுக் கொண்டுவந்து வைத்தால் அதைவிடச் சந்தோசம் இல்லை. குனிந்து சாப்பிட்டார். கடைசியில் வசந்தி தனக்கென்று ஒரு வெறும் தட்டைக் கையில் எடுத்தபோது மேசையைத் துடைக்க வந்துவிட்டார்கள். எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த குடும்பம் வாசலில்.

பெட்டை வந்து, எல்லாம் நன்றாக இருந்ததா என்று வசந்தியைக் கேட்டாள். வெறும் தட்டோடு நின்றவள் “சீ, சீ, புவோனீஸ்ஸிமோ” என்றாள், ஓம் ஓம், நல்ல ருசி என்று. எனக்குப் பொறுக்கவில்லை. “லெய் நோ மஞ்ஜாரே” என்றேன், இவள் சாப்பிடவில்லை என்று. அந்தப் பெட்டை பாவம், மெஷினை எடுத்து வந்து எனக்குக் காட்டினாள். நாலு பேர் உள்ளே வந்தார்கள், நாலு சாப்பாடும் முடிந்தது. வசந்தி சாப்பிட்டாளா இல்லையா என்று இத்தனை வருசத்தில் ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. முதன்முதலாக ஒரு மெஷின் பதிந்தது. அதற்கும் அவள் பொய்தான் சொல்லியிருந்தாள்.

அறைக்கு வந்து யன்னலோரம் நின்று மிஞ்சிய புட்டைச் சாப்பிட்டாள்.

“சிஞ்ஞோராவிட்டை என்ன சொல்லப்போறாய்?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாயிருந்தது எண்டு சொல்லுவன்.”

“என்ன சாப்பிட்டனி எண்டு கேட்பா.”

“அம்மா, பேசாமல் படுங்கோ.”

இரண்டாம் நாள் கப்பல் மண்டபம். அங்கேயும் அதே கூத்து, ஒரு கரண்டி பாஸ்தா மட்டும் நின்றபடி அவள் வாய்க்குள் போனது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் வசந்தி மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டாள், ஒருநேரம்தான் சாப்பிடுவாள். காலைச்சாப்பாட்டுக்கு வந்து எங்களுக்குப் பாண் வெட்டித் தந்தாள், தான் தேநீர் மட்டும் குடித்தாள். மத்தியானம் கோட்டை மண்டபத்தில் இருக்கிற சாப்பாடுதான் அவளுடைய நாள் முழுவதற்கும். அதுதான் கடைசிச் சாப்பாடும். அதையும் விட்டால் கடல் தாண்டி வந்தவள் பலெர்மோவுக்கு வெறும் வயிற்றோடுதான் போவாள்.

நான் சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் ‘ஓம்’ என்பாள். வேறு வழி யோசித்தேன்.

பயணத்துக்கென்று பல்லரோவில் வாங்கிய சப்பாத்து அவள் குதிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தது. கோட்டை மண்டபத்தில் எங்களை இருத்தியதும் மேசைக்குக் கீழே இரண்டையும் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். நான் காலை நீட்டி ஒன்றை என் பக்கம் இழுத்தேன். முகம் துடைக்கிற கைலேஞ்சியை விழுத்தினேன். கைலேஞ்சியை எடுக்கக் குனிந்தேன். எழும்பும்போது அந்தச் சப்பாத்து என் கைப்பைக்குள், திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

வசந்தி எழும்பப் பார்த்தாள். கால் தேடியது.

“அம்மா, என்ரை மற்றச் சப்பாத்து?”

“இஞ்சைதான் எங்கையும் கிடக்கும். சாப்பிட்டிட்டுத் தேடுவம்.”

“அப்ப சாப்பாட்டை ஆர் எடுத்துப் போடுறது?”

“எனக்குக் கால் ஏலாது. பிள்ளை சின்னன். தம்பி, நீங்கள் ஒருக்காப் போறியளோ?” என்று மருமகனைப் பார்த்தேன். ரவி என்னைப் பார்த்தார், வசந்தியைப் பார்த்தார், எழும்பினார். சப்பாத்து என்ற சொல்லை அபி இத்தாலிய மொழியில் சொல்லிவிட, முதல் நாள் கண்ட பெட்டை ஓடிவந்து மேசைக்குக் கீழே தேடத் தொடங்கினாள். அவளைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன், மஞ்ஜாரே, மஞ்ஜாரே. பாட்டிக்குப் பசி என்று நினைத்து எனக்கு ஒரு கூடை பாண் கொண்டுவந்து வைத்தாள்.

ரவி ஒரு தட்டோடு வந்தார். பொரித்த மீன், கோழிக்கால், பக்கத்தில் கேக். பெருமையோடு வசந்தியின் முன்னால் வைத்தார்.

“இண்டைக்கு வெள்ளி” என்றாள் வசந்தி, மெல்லமாக. “இது உங்களுக்கு விருப்பமான சாமான் எல்லோ.”

ரவி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்ப உனக்கு என்ன விருப்பம்?”

கேள்வி பெரியதொன்றுமில்லை. வசந்தி யோசித்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அபி. “அம்மாக்குக் கரிஞ்ச தோசைதான் விருப்பம். எப்பவும் அதைத்தான் எடுப்பா.”

ரவி கதிரையில் கை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். வசந்தி பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, மூலைப் பக்கம் விரலைக் காட்டினாள். முதல் நாளிலிருந்து மனதில் வைத்திருந்திருக்கிறாள். “அந்த மனுசன் கிண்டிக்கொண்டு நிக்கிறாரே, ஆவி பறக்க. அதிலை கொஞ்சம்.”

பொலெந்தா என்றார்கள். எங்கள் கண்ணுக்குச் சோளக்களி. மேலே காளான். ரவி ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வசந்தி ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். போட்டதும் கண் விரிந்தது, வாயைத் திறந்து கையால் விசிறினாள். நாக்குச் சுட்டுவிட்டது. நான் பெற்ற பிள்ளைக்கு நாக்குச் சுட்டதை வளர்ந்த பிறகு நான் பார்த்ததே இல்லை. ஆறினது எப்படிச் சுடும்? வானத்தில் தலைகீழாக ஓடுகிற வண்டியை வாயைப் பிளந்து பார்த்தேன், உண்மை. ஆனால் அந்தப் பூங்காவில் நான் கண்ட அதிசயம் இதுதான். சுட்ட நாக்கோடு அவள் ஊதி ஊதி, ஒருவரையும் பார்க்காமல் சாப்பிட்டாள்.

தட்டு முடிந்தது. ரவி எழும்பப் போனார்.

“நீங்கள் இருங்கோ” என்றாள் வசந்தி. எழும்பினாள். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறுங்கால். அப்படியே அந்தப் பளிங்குத் தரையில் நொண்டி நொண்டி நடந்து போய், தனக்கென்று இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டு வந்தாள். சனம் பார்த்தது. ஒரு கால் அந்த நாட்டில், ஒரு கால் எங்கள் அடுப்படியில். அவளுக்குக் கூச்சமே இல்லை. இருந்துகொண்டு என் பக்கம் திரும்பாமலே, “அம்மா, பைக்குள்ளை திருநீறு கொட்டப்போகுது, கவனம்” என்றாள். நான் எடுத்தபோதே தெரிந்திருக்கிறது, எமகாதகிக்கு.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவளைச் சிஞ்ஞோரா வாசலிலேயே கேட்டாளாம். வசந்தி பதில் சொல்லாமல் நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே எங்களுக்குப் போட்டுவிட்டு அடுப்படியில்தான் நின்றாள். ஆனால் மேசையடியில் ஒரு கதிரை கூடியிருக்கிறது, ரவி கொண்டுவந்து போட்டார். பிறகு எங்கள் படிக்கட்டில், கீழ்வீட்டு மன்னார்ப் பிலோமினாவும் மேல்வீட்டுச் சிசிலிக்காரி கொன்செத்தாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன பார்த்தாய், என்ன தின்றாய் என்று ஒருத்தி தமிழில், ஒருத்தி இத்தாலிய மொழியில். உங்களைப் போலத்தான். கடலுக்குள் போன ரயிலை ஓட்டினது நான்தான் என்றேன். இருவரும் நம்பவில்லை. “சரி, பகிடியை விடுங்கோ, ஆச்சி” என்றாள் பிலோமினா. அப்போது நான் சொன்னது இதுதான். பிலோமினாவே அதை மற்றவளுக்கு இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டாள்:

“இனி எங்கடை கதவடியிலை ஒற்றைச் சப்பாத்துக் கிடந்தால் மணி அடிக்காதேங்கோ. மற்றது என்ரை பைக்குள்ளை இருக்கு. வசந்தி சாப்பிடுறாள்.”