காலி ஸ்டூலில் துடித்த இதயம்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் எதிர் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுப்பவள். அங்கே எல்லாருக்கும் அவள் எக்கோ அக்கா. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள். இத்தனை வருஷத்தில் மனிதர்களின் முகத்தைவிட இதயத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். நின்றுபோனதையும் பார்த்திருக்கிறாள். எதுவும் உறைக்காத அளவுக்குப் பழகிவிட்டது. அவள் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பட்டப்பகல். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஐசியுவிலிருந்து போன் வந்தது. மூடி வைத்துவிட்டு மிஷினைத் தள்ளிக்கொண்டு போனாள்.

படுக்கையில் ஒரு தச்சர். காலில் ஆணி குத்தியதை, இதெல்லாம் ஒரு காயமா என்று விட்டிருக்கிறார். சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் தொய்ந்துவிட்டன. மணிக்கட்டில் செருகியிருந்த மெல்லிய குழாய் வழியாக, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் மானிட்டரில் அலையாக ஓடியது. படுத்துக்கொண்ட அலை. ரத்த அழுத்தம் நாற்பத்தெட்டு; அறுபத்தைந்தாவது இருக்க வேண்டும். டியூட்டி டாக்டர் தச்சரின் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே கிடந்தது.

“இன்னும் சலைன் ஏத்தினா ஹார்ட் தாங்குமாக்கா? பாத்துச் சொல்லுங்க.”

ஜெல் தடவி, மிஷினின் கைக்கருவியான புரோபை நெஞ்சில் வைத்தாள். திரையில் இதயம் தெரிந்தது. பதறிப் பதறி ஓடியது, ஆனால் ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை.

“தாங்காது. சுருங்கவே மாட்டேங்குது.”

“அப்ப மருந்தத்தான் கூட்டணும்.” டாக்டர் மருந்து ஏற்றும் பம்ப்பின் பக்கம் போனார்.

இன்னொரு கோணத்தில் பார்க்க ஜெல் போதவில்லை. பாட்டிலை எடுக்க இடது கையை நீட்டினாள். புரோப் பிடித்திருந்த வலது கை தச்சரின் நெஞ்சை விட்டு விலகி, படுக்கையோரம் இருந்த காலி ஸ்டூல் பக்கம் திரும்பியது.

திரையில் ஓர் இதயம்.

காற்றில் பிடித்தால் வெறும் மங்கல்தான் வரும். வேறெதுவும் வராது. வரவும் கூடாது. ஆனால் நாலு அறைகளும் துல்லியமாகத் தெரிந்தன. நிதானமாகச் சுருங்கி விரிந்தன. மேலறைகளில் தடித்த தையல் தடம்… இதயம் மாற்றிப் பொருத்தியவர்களிடம் மட்டுமே அப்படிப் பார்த்திருக்கிறாள்.

தச்சரின் நெஞ்சில் ஒரு தழும்புகூட இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அக்கா… என்ன பண்ணீங்க?”

டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து… அறுபது… அறுபத்தைந்து.

புரோபை ஸ்டூலிலிருந்து திருப்பினாள். ஐம்பது.

மறுபடி ஸ்டூல் பக்கம் காட்டினாள். அறுபது.

“எடுக்காதீங்க,” என்றார் டாக்டர், மெதுவாக. ஸ்டூல் இருந்த திசைக்கே அவர் திரும்பவில்லை.

அவள் எடுக்கவில்லை.

தோள் வலித்தது. பிறகு மரத்தது. பிறகு கை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை…

லப்… டப்…

லப்… டப்…

தச்சரின் நகம் மெல்லச் சிவந்தது.

திரை மங்கியது. ஸ்டூலில் ஒன்றுமில்லை. ஆனால் அழுத்தம் இறங்கவில்லை.

“மருந்து புடிச்சிடுச்சு,” என்றார் டாக்டர். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றுவரை.

தச்சர் பிழைத்தார். வீட்டுக்குப் போகும் நாளில் அவர் மனைவி எக்கோ அறைக்கு வந்து நன்றி சொன்னாள். போகிற போக்கில் பேச்சு வளர்ந்தது.

“இவருக்கு ஒரே தங்கச்சி. ஸ்கூட்டர்ல அடிபட்டுப் போயிட்டா. அவ இதயத்த வெளியூர் வாத்தியார் ஒருத்தருக்கு வெச்சாங்க. வருஷா வருஷம் வருவாரு. இவரு அவர் நெஞ்சுல காத வெச்சுக் கேட்டுட்டே உக்காந்திருப்பாரு.”

எக்கோ அக்கா ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இவரு இங்க இழுத்துட்டுக் கெடந்தாரே, அன்னிக்கு மத்தியானம் பாடம் நடத்தும்போதே அந்த வாத்தியார் விழுந்துட்டாராம். நாடியே இல்லியாம். நெஞ்ச அமுக்கி அமுக்கி, இனி அவ்வளவுதான்னு கைய எடுத்தப்புறம் தானா துடிச்சுதாம். அவர் சம்சாரம் போன்ல சொன்னாங்க.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“பொழச்சுட்டாரு. ஆனா, யாரோ ஒரு பொம்பள கைய நீட்டி அவர் இதயத்தப் புடிச்சுட்டு விடவே இல்லன்னு சொல்லிட்டே இருக்காராம். விடும்மா, விடும்மான்னு கத்தினாராம். அவ காதுலயே போட்டுக்கலயாம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப எக்கோ எடுக்கணும்னா மட்டும், யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாராம்.”