மாப்பிள்ளையைக் காலமாக்கிய ஃபோல்டர்

என்னை ‘முட்டாள்’ என்று மனைவி சொல்லும்போதெல்லாம் மறுத்து வந்தேன். போன வாரத்தோடு அந்த உரிமையும் போய்விட்டது. கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு மாப்பிள்ளையை, வாட்ஸ்அப் குறூப்பில் நான் காலமாக்கிவிட்டேன்.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

இணுவிலில் எங்கள் பக்கம் யாராவது மோசம்போனால், சொந்தக்காரருக்கு அடுத்த போன் எனக்குத்தான் வரும் – மரண அறிவித்தல் எழுத! பிறந்த ஊர், இருந்த ஊர், மக்கள், மருமக்கள், கனடாவில் யார், சுவிஸில் யார்... ஒரு பெயர் விடுபட்டால் ஆண்டுத் திவசம் வரைக்கும் கோபம்.

அதனால் ஏஐ செயலி ஒன்றில் புரொஜெக்ட் ஃபோல்டர் ஒன்று திறந்தேன். விசயம் லேசானது. எப்படி எழுத வேண்டும் என்ற கட்டளையை ஒருதரம் எழுதி, மாதிரிக்குப் பழைய அறிவித்தல்கள் சிலவற்றையும் உள்ளே போட்டுவிட வேண்டும். பிறகு அந்த ஃபோல்டருக்குள் எதைக் கேட்டாலும் அந்தக் கட்டளைப்படியே எழுதித் தரும். பெயர்களைக் கொடுத்தால் போதும். அச்சு அசலாக வந்தது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் தங்கச்சி சுகந்தி வந்தாள். அவளுடைய மகள் துளசிக்குக் கலியாணம்.

“அண்ணை, துளசியின்ரை கலியாணக் கார்ட்டையும் உதிலை எழுதித் தாங்கோவன்.”

“இதெல்லாம் ஒரு வேலையே? தேத்தண்ணி குடிச்சு முடியமுன்னம் தாறன்.”

அதே ஃபோல்டருக்குள் பெயர்களைத் தட்டினேன். வந்ததைக் கொப்பி பண்ணி, இரண்டு வீட்டாரும் இருக்கிற குறூப்பில் போட்டேன். வாசித்தேனா? நான் அமைத்த ஃபோல்டர் பிழைவிடுமா என்ன!

‘தொண்டைமானாற்றைப் பிறப்பிடமாகவும், ரொறொன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட கஜன்...’

இப்படித் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் யாராவது இரண்டாம் வரிக்குப் போவார்களா? அங்கேயே தலையில் கைவைத்து விடுவார்கள். அடுத்த வரி, செத்தவரைச் சொல்லும் ‘அன்னார்’ என்று தொடங்கியது. கடைசியில் – உற்றார் உறவினர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்று வேறு!

லண்டன் மாமி ஒருவர் வொயிஸ் மெசேஜில் ஒப்பாரியே வைத்துவிட்டார். பிறகு மாப்பிள்ளை கஜனே ரொறொன்ரோவிலிருந்து எழுதினார்:

“மாமா, நான் இப்பதான் வேலைக்கு வெளிக்கிடுறன்.”

சுகந்தி சிரிக்கவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுக்காரர் அபசகுனம் எண்டு கலியாணத்தை நிப்பாட்டினால் என்ன செய்வியள், அண்ணை? பெட்டை அறைக்குள்ளை இருந்து அழுறாள்.”

மாப்பிள்ளையின் தகப்பன் பரமலிங்கம் சிரித்து யாரும் கண்டதில்லை. குறூப்பில் அவர் ஒருவர்தான் ஒன்றுமே எழுதவில்லை. அதுதான் பயம்.

உடனே புதிய ஃபோல்டர் திறந்தேன். பெயர், ‘கலியாணம்’. மரண அறிவித்தல் ஒன்றையும் கிட்டவும் விடவில்லை. நல்ல கலியாணக் கார்ட்டுகளாகத் தேடிப் போட்டேன். பிறப்பிடம், வதிவிடம் வேண்டாம். ‘அன்னார்’ வரவே கூடாது. இதில் வருகிற எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்! – இதுதான் கட்டளை. வந்ததை மனைவிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவளே “பரவாயில்லை” என்றாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

ஃபோல்டருக்கு நல்லது கெட்டது தெரியாதுதான். எங்களுக்கு மட்டும்? கலியாணப் பந்தியில் இருந்து பாயசம் குடித்தபடியே, போன மாதம் செத்தவருக்கு என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி என்று விலாவாரியாகக் கதைக்கிறோமே... எங்கள் வாய்க்கும் ஒரே ஃபோல்டர்தான்.

கார்ட்டை அடித்து எடுத்துக்கொண்டு, சுகந்தியோடு தொண்டைமானாறு போனேன். பரமலிங்கத்தார் கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, சாமியறையில் வைக்கச் சொல்லிக் கார்ட்டைக் கொடுத்தார்.

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். நான் ஒரு சாண் வளர்ந்தேன். சும்மா இருந்தேனா?

“நான் செய்த ஃபோல்டர்தான், ஐயா.”

அவர் படலைவரை வந்து வழியனுப்பினார். முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை.

“கார்ட் வடிவாயிருக்கு, தம்பி. நான் செத்தாலும் நீர்தான் எழுதவேணும். ஆனால் குறூப்பிலை போடமுன்னம், செத்திட்டனோ எண்டு ஒருக்கா வந்து பாரும்!”